விதை எண்

மூன்று நிமிட நடுக்கத்துக்கு
நாற்பத்தொரு மணி நேரக் கணக்கு.
குளிரூட்டிய அறையில் இயந்திரங்கள் இரைகின்றன.
நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்:
ஓர் எண்ணை ஊன்ற வேண்டும்.

பிளவின் எந்தத் துண்டு முதலில் நழுவும்,
எது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும்,
யாருக்கும் தெரியாது.
தெரியாததை எண்ணிடம் விடுகிறோம்.
விதை என்று அதற்குப் பெயர்.
அதே கடற்கரை, அதே ஆழம், அதே ரிக்டர்;
விதை மாறினால் வேறு நடுக்கம் முளைக்கும்.
என் பிறந்தநாளைப் போட்டாயிற்று,
அக்காள் மகனுடையது, பழைய தொலைபேசியின் கடைசி நாலு இலக்கம்,
பல் மருத்துவரின் கதவெண்.
பத்தொன்பது முடிந்தன.

இருபதாவதுக்கு,
ரோந்து வந்த காவலாளி எஃப்ரேனை நிறுத்தி
ஓர் எண் கேட்டேன்.
எதற்கென்று கேட்காமல் சொன்னார்: "இருநூற்றுப் பதினேழு."
அவர் சாவி மாட்டும் ஆணியின் எண்.

சனிக்கிழமை இரவு காப்பியோடு வந்தார்.
திரையில் மெக்ஸிகோ நகரம் நீலமாகக் கிடந்தது.
ஓட விட்டேன்.
கெரேரோ கரையில் ஒரு சிவப்பு நூல் பிரிந்தது.
மலைகளைத் தாண்டி வர ஒன்றரை நிமிடம்.
பாறையில் நடந்தவரை அது வழிப்போக்கன்.
களிமண்ணில் கால் வைத்ததும்
வீட்டோடு மாப்பிள்ளை.
கிளம்புகிற எண்ணமே இல்லை.

இங்கே ஓர் ஏரி இருந்தது.
வடித்தார்கள், தூர்த்தார்கள்,
மேலே தெருக்களுக்குப் பெயர் வைத்தார்கள்.
அலைக்கு அது தெரியாது.
ஓரம் தொட்டுத் திரும்பி, ஓரம் தொட்டுத் திரும்பி,
இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை,
அவசரமே இல்லாமல்.
கடலடியில் எல்லாம் ஓய்ந்து வெகுநேரமாகியும்
திரையின் தென்கிழக்கு மூலை
ஆடிக்கொண்டே இருந்தது.

"என் வீடு எங்கே?"

எல்லோரும் கேட்பது. அமைச்சகத்திலிருந்து வந்தவர்கள்கூட
வரைபடம் விரித்ததும் முதலில் அதைத்தான் தேடினார்கள்.
த்லாவாக், என்றார் எஃப்ரேன்,
தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்து.
விரல் வைத்தேன்.
வைத்த இடம், ஓட்டிய இருபதிலும்
மிகச் சிவப்பு.
அவர் கொடுத்த விதை.

சராசரியைக் காட்டியிருக்கலாம்.
இருபதையும் கூட்டி வகுத்தால் ஊரே இளமஞ்சள்,
அறிக்கைக்கு அடக்கமான நிறம்.
சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை என்பதுதான் சங்கடம்.
நான் குடியிருப்பது
எரிமலைக் குழம்பு இறுகிய பாறை மேல்.
போன முறை என் அலமாரியிலிருந்து
ஒரு புத்தகம்கூட விழவில்லை.

எஃப்ரேன் திரையை நெருங்கிப் பார்த்தார்.
பயப்படுவார் என்று நினைத்தேன். குறை கண்டார்.
"இது வடக்கு தெற்காக ஆடுகிறது."
ஆமாம்.
"போன தடவை எங்கள் மொட்டைமாடித் தொட்டி பாதி காலி.
தண்ணீர் அத்தனையும் ஹசிந்தா வீட்டுப் பக்கம் கொட்டியது.
காயப்போட்ட துணியெல்லாம் நனைந்து
மூன்று நாள் அவள் முகம் கொடுக்கவில்லை."

ஹசிந்தா வீடு எந்தப் பக்கம்?

"சூரியன் வருகிற பக்கம்."

காப்பியைக் கீழே வைத்தேன்.

ஒரு பிளாஸ்டிக் தொட்டி ஆதாரமாகாது. தெரியும்.
கூட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள்.
ஆனால் அந்தச் சந்தைச் சுற்றி
களிமண் எவ்வளவு ஆழம் என்பதற்கு
எங்களிடம் இருப்பது ஒரே ஒரு துளை.
மீதியை நானே கோடிழுத்து நிரப்பினேன்,
ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்,
பசியோடு.

கோப்பைத் திறந்தேன்.
குன்றின் அடிவாரத்தை ஏரிக்குள் இன்னும் கொஞ்சம் சரித்தேன்.
களிமண்ணை இருபது மீட்டர் இறக்கினேன்.

விடியவில்லை. முதல் மெட்ரோவுக்குக் கிளம்பியவர்
கதவருகே நின்றார்.
"வேறு எண் சொல்லட்டுமா? நல்லதாக ஒன்று?"

வேண்டாம் என்றேன், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.
அதே விதை.
மண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்.